லாபி வழியாக

குளியலறைக் கதவில் தொங்கிய வெள்ளை அங்கியிலிருந்து இடுப்புப் பட்டையை உருவி எடுத்தாள் வைஷாலி. அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட அந்த அறையில் வேறு எதுவும் அகப்படவில்லை. தேடாத இடமில்லை. எந்தத் தலையணை வேண்டும் என்று தேர்ந்தெடுக்க ஓர் அட்டை இருந்தது. காலணிக்கென்று தனியாக ஒரு துணிப்பை இருந்தது. தேநீர்ப் பெட்டியைச் சுற்றியிருந்த பட்டு நாடாவைக் கட்டிப் பார்த்தாள், அது வழுக்கிக்கொண்டு வந்தது. ஒரு மனிதர் செத்துப்போனால் என்னென்ன தேவைப்படும் என்பதை மட்டும் இந்த ஹோட்டலை உருவாக்கியவர்கள் யோசிக்காமல் விட்டிருந்தார்கள். உருவாக்கியவர்களில் அப்பாவும் ஒருவர் என்பதால் யாரைக் கோபித்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பட்டை தடிமனான துண்டுத் துணி. முடிச்சு எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்து நின்றது. அவர் பார்த்திருந்தால் கண்ணை உறுத்துகிறது என்று சொல்லியிருப்பார். போர்வையை இழுத்து அதை மூடினாள்.

அப்பா வேலாயுதத்தின் தொழில் ஹோட்டல்களுக்கு வெளிச்சம் அமைப்பது. கட்டடக் கலைஞர்கள் சுவரையும் கூரையையும் வரைந்து முடித்ததும், அந்தச் சுவர் பொழுது சாய்ந்தபின் எப்படித் தெரிய வேண்டும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் எந்தப் பக்கத்திலிருந்து ஒளி விழ வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. ஓமானில் மலை விளிம்பில் ஒரு விடுதி. அங்கே நடைபாதை விளக்குகளைக் கணுக்காலுக்கு மேல் ஏற விடவில்லை, ஏறினால் நட்சத்திரம் தெரியாது என்றார். பூட்டானில் ஒரு பள்ளத்தாக்கு விடுதியில் அறையைப் பாதி இருட்டாகவே விட்டார், ஜன்னலில் மலை நிற்கும்போது உள்ளே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டாராம். மாலத்தீவில் தண்ணீருக்கடியில் விளக்குப் போடச் சொன்ன முதலாளியிடம் மீன்கள் தூங்க வேண்டாமா என்று சண்டை போட்டு அந்த வேலையையே இழந்தார். ஊர் திரும்பி இதையெல்லாம் சொல்லும்போது அத்தை தனபாக்கியம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார், அவ்வளவு பெரிய ஹோட்டலில் சாப்பாடு எப்படி என்று. அப்பாவுக்குத் தெரியாது. திறப்பு விழாவுக்கு முன்பே அவர் வேலை முடிந்துவிடும். சரக்கு லாரி வரும் பின்வாசல் வழியாக உள்ளே போவார், அதே வழியாக வெளியே வருவார்.

நுரையீரலில் வந்த புற்றுநோய் எலும்புக்குப் போய், கடைசிக் கட்ட நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் ஹாஸ்பிஸ் தாதியே குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்த வாரத்தில், "ஒரே ஒரு நாள் கெஸ்ட்டா இருந்து பாக்கணும்" என்று அவர் கேட்டார். வைஷாலியின் தம்பி சரத் குதித்தான். ஆக்சிஜன் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஹாலிடேவா என்றான். அத்தை ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை. வைஷாலி இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல் அறையைப் பதிவு செய்தாள். தஞ்சோங் பகாரில், பழைய துறைமுகக் கிடங்கு ஒன்றின் செங்கல் சுவர்களை அப்படியே நிறுத்தி, நடுவில் ஐந்து மாடி உயரத்துக்கு வெற்றிடம் விட்டு, மேலே மரச்சட்டங்களால் வேய்ந்த ஹோட்டல். அப்பா கடைசியாக வெளிச்சம் அமைத்த இடம் அதுதான்.

நேற்று முன்வாசல் வழியாகத்தான் வந்தார்கள். லாபியின் நடுவில் சக்கர நாற்காலியை நிறுத்தச் சொன்னார். அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். மரச்சட்டங்களின் இடுக்குகளிலிருந்து ஒளி இறங்கிக்கொண்டிருந்தது. எது சூரியன், எது விளக்கு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெட்டி தள்ளி வந்தவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள். "நல்லா வந்திருக்குலா" என்றார். தன் வேலையைத் தானே பாராட்டி அவர் பேசி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

இன்று காலை இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார். பிறகு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த மூலைல ஒரு சுத்து கொறைக்கலாம்" என்றார். வைஷாலி எழுந்து போய்ச் சுவரிலிருந்த பலகையில் பொத்தானைத் தேடினாள். குறைத்தாள். இப்போது சரியா என்று திரும்பிக் கேட்டாள். சரியாக இருந்ததா இல்லையா என்பதை அவர் சொல்லவில்லை.

ஹாஸ்பிஸ் மருத்துவர் வந்து பார்த்தார். சீன இளைஞர், மிக மரியாதையானவர். கண்ணின் பாப்பாவைப் பார்க்க வேண்டும், இதைவிடக் கூடுதல் வெளிச்சம் போட முடியுமா என்று கேட்டார். வைஷாலி பலகையில் இருந்த எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தாள். அறை தேன் நிறத்திலிருந்து இன்னொரு தேன் நிறத்துக்கு மாறியதே தவிர வெளுக்கவில்லை. மருத்துவர் தன் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்துச் சான்றிதழுக்கு வேண்டியதைப் பதிவு செய்துவிட்டுப் போனார். அத்தனை பொத்தானிலும் ஒரு பளீர் விளக்கு இல்லாத அறையை யார் செய்வார் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. கட்டிலில் அப்பா தூங்குபவர் போலத்தான் இருந்தார். கன்னத்தில் நிறம் இருந்தது. அவள் அழவில்லை. சரத்திடம் தொலைபேசியில் நிதானமாகப் பேசினாள். அவன் தோ பாயோவில் அவர்கள் வீடிருந்த அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இறுதிச் சடங்குக்குக் கூடாரம், நாற்காலி எல்லாம் ஏற்பாடு செய்யக் கிளம்பினான். "நீ அப்பாவ கூட்டிட்டு வந்துடு, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றான். உறவினர்கள் ஒவ்வொருவராக அழைத்து, தைரியமான பெண் என்று அவளிடமே சொன்னார்கள்.

அத்தை மட்டும் அப்படிச் சொல்லவில்லை. வீட்டில் படுத்திருந்த மனிதனைத் தெருவில் கொண்டுபோய்ச் சாகடித்துவிட்டாய் என்று முதல் அழைப்பில் ஒப்பாரி வைத்தார். இரண்டாவது அழைப்பில், தலைமாட்டில் விளக்கு ஏற்றினாயா என்று கேட்டார். ஹோட்டலில் நெருப்புப் பற்ற வைத்தால் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும். இதை வைஷாலி விளக்குவதற்குள் கதவு தட்டப்பட்டது.

வந்தவர் டியூட்டி மேனேஜர் நூருல் அமீன். முப்பது வயதிருக்கும். சாம்பல் நிறக் கோட்டு, மார்பில் பெயர்ப் பட்டை. முதலில் ஆங்கிலத்தில் தொடங்கி, அவள் தொலைபேசியில் பேசுவதைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். மேடம் அக்காவானாள். விளக்குப் பிரச்சினையைக் கேட்டுவிட்டு வெளியே போய், உணவகத்து மேசைகளில் வைக்கும் சின்ன மெழுகுவத்தி ஒன்றை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்தார். பேட்டரியில் மினுங்குவது. உலகத்தில் அப்பா மனமார வெறுத்த பொருள் ஒன்று உண்டென்றால் அது பேட்டரி மெழுகுவத்திதான். அமீனின் முகத்தைப் பார்த்து அவளால் மறுக்க முடியவில்லை. வாங்கி, அவர் திரும்பியதும் அலமாரி இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

அத்தையின் மூன்றாவது அழைப்பு வேறு குரலில் வந்தது. கோயில் ஐயரிடம் கேட்டிருந்தார்.

"சதயத்துல போயிருக்கான் வைஷு. அடைப்பு. ஆறு மாசம்."

அந்த நட்சத்திரத்தில் உயிர் பிரிந்தால், பிரிந்த இடத்தை மாதக்கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். உடலையும் தலைவாசல் வழியே கொண்டுபோகக் கூடாது. அந்தக் காலத்தில் சுவரை இடித்து வழி செய்வார்களாம். வீவக அடுக்குமாடி வீட்டில் சுவரை இடித்தால் அது பக்கத்து வீட்டுக்காரர் சமையலறையில் போய்த்தான் முடியும். மூன்றறை வீட்டை ஆறு மாதம் பூட்டிவிட்டு அத்தையும் சரத்தும் எங்கே போவார்கள்? இதையெல்லாம் யோசித்துப் பார்த்த அத்தைக்குச் செத்துப்போன தம்பிமேல் திடீரென்று பெருமை பொங்கிவிட்டது.

"நம்ம வீட்டுக்குத் தோஷம் வரக்கூடாதுன்னு வெளிய போய் உயிர விட்டிருக்கான் பாரு. நீ அந்த ரூம பூட்டச் சொல்லு. முன்வாசலால மட்டும் கொண்டாந்துடாத."

அறையைப் பூட்டுவது பற்றி அமீனிடம் சொல்லலாமா என்று வைஷாலி யோசித்தாள். அவள் முகத்தைப் பார்த்து அவரே கேட்டார். சொன்னாள். ஆறு மாதமா என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னவர், வெள்ளிக்கிழமை இந்த அறைக்கு ஒரு புதுமணத் தம்பதி வருகிறார்கள் என்றார். பிறகு, தன்னால் இரண்டு நாள் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க முடியும், அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார். அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவளுக்கு அவரைப் பிடித்துப்போனது.

பிடித்துப்போனவரோடுதான் அடுத்த சண்டை வந்தது. உடலை எடுத்துப்போகும் காஸ்கட் கம்பெனியின் வேன் கிளம்பிவிட்டது என்றும், பின்பக்கச் சரக்கு வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன் என்றும் அமீன் சொன்னார்.

"பின்னால ஏன்? லாபி வழியா போறோம்."

வைஷாலிக்கு அதுவரை தெரியாது, தான் இதை இவ்வளவு விரும்புகிறோம் என்று. சொன்ன பிறகுதான் தெரிந்தது. காலமெல்லாம் லாரிச் சந்தில் நுழைந்த மனிதர். நேற்று ஒரு தடவைதான் கதவைத் திறந்துவிட ஆள் நின்றார்கள், அவரைப் பெயர் சொல்லி வரவேற்றார்கள். பணம் கட்டி வந்த விருந்தாளி போகும்போது மட்டும் ஏன் குப்பைத் தொட்டி பக்கமாகப் போக வேண்டும்? இதை அவள் கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள். அமீன் மேலிடத்தில் பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அவள் அத்தையை நினைத்தாள். நட்சத்திரம் பார்த்து முன்வாசல் கூடாது என்கிறார் அத்தை. நட்சத்திர ஹோட்டலும் அதையேதான் சொல்கிறது. ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு பேர் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து அவள் கண்டதில்லை.

அமீன் திரும்பி வந்தபோது அனுமதி கிடைத்திருந்தது. ஆனால் அவர் உட்காரவில்லை.

"லாபி வழியா போகலாம்கா. ஆனா ஃபுல்லா மூடணும். அவங்க ஸ்ட்ரெச்சர் கவர் மேல நம்ம கிரே துணி ஒண்ணு போடுவோம். மியூசிஷியன்ஸ் சாமான் கொண்டுபோவாங்கல்ல, அந்த மாதிரி தெரியணும்."

அவர் அதைச் சொல்லி முடித்துவிட்டுக் கம்பளத்தைப் பார்த்தார்.

"பின்னால போனா?"

"மூட வேண்டாம். அங்க கெஸ்ட் யாரும் இல்ல."

அந்த வழியைப் பார்க்க வேண்டும் என்றாள் வைஷாலி. விருந்தாளிகளை அங்கே விடுவதில்லை என்று அமீன் தயங்கினார், பிறகு ஹாஸ்பிஸிலிருந்து வந்திருந்த தாதியை அறையில் உட்கார வைத்துவிட்டு அழைத்துப் போனார். முதலில் அவள் முன்வழியைத்தான் நடந்து பார்த்தாள். அப்பா ஒரு ஹோட்டலை ஒப்படைக்கும் முன் இப்படித்தான் விருந்தாளியின் வழியில் ஒரு தடவை நடந்து பார்ப்பாராம். தாழ்வாரத்தில் அவரவர் கதவுக்கு முன்னால் மட்டும் ஒரு துண்டு வெளிச்சம். நடக்கும் சத்தமே இல்லை. கண்ணாடி லிஃப்ட் இறங்க இறங்க, செங்கல் சுவர் மேலேறிக்கொண்டே போனது. லாபியில் செக்-இன் கூட்டம் சேர்ந்திருந்தது. யாரோ ஒரு குடும்பம் கேக்கைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. எல்லோர் முகமும் அழகாக இருந்தது. வயதானவர்கள்கூட நன்றாகத் தூங்கி எழுந்தவர்கள் போல இருந்தார்கள். இவர்களுக்கு நடுவில் சாம்பல் துணி போர்த்திய ஒரு நீள மூட்டை உருண்டு போவதை அவள் கற்பனை செய்து பார்த்தாள். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்பாவின் வெளிச்சத்தில் எதுவும் யாரையும் உறுத்தாது.

பின்வழிக்குக் கதவே தெரியவில்லை. திரும்ப மேலே போனதும், அறையிருந்த ஐந்தாம் மாடித் தாழ்வாரத்தின் மரப் பலகைச் சுவரில் ஓரிடத்தில் அமீன் கையை வைத்து அழுத்த, சுவர் திறந்தது. வைஷாலி கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். பச்சை பெயிண்ட் அடித்த சுவர், சிமென்ட் தரை, வரிசையாக டியூப்லைட்டுகள். சலவைச் சோப்பு வாசனையும் எங்கிருந்தோ மிளகாய்ச் சம்பல் வதங்கும் வாசனையும் கலந்து வந்தன. அழுக்கு விரிப்புகள் நிறைந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் கடந்து போனார். இவ்வளவு வெளிச்சம் ஏன் என்று வைஷாலி கேட்டாள். அது அப்பா கேட்கிற கேள்வி.

"கறை தெரியணும்லக்கா. வெளிய இருக்கற லைட்ல எல்லாம் சுத்தமாத்தான் தெரியும்."

சரக்கு லிஃப்டில் இறங்கி, சலவைக்கூடம், பேஸ்ட்ரி சமையலறை, ஊழியர் சாப்பிடும் இடம் என்று எல்லாவற்றையும் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்க்க வேண்டும் போலிருந்தது. எவ்வளவு மாவு, எவ்வளவு துண்டு, எத்தனை மனிதர்கள். முன்பக்கத்து அமைதிக்குப் பின்னால் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. அப்பா இந்தப் பக்கத்தைப் பற்றி வீட்டில் எதுவும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

மேலே வந்ததும் சொன்னாள். "பின்னாலயே போறோம். முகத்த மூட வேண்டாம்."

அமீன் தலையசைத்தார். அத்தைக்கு அழைத்துச் சொன்னபோது, சொன்ன பேச்சைக் கேட்டாயே என்று அத்தை நிம்மதிப் பெருமூச்சு விட்டார். ஹோட்டலுக்கும் நிம்மதி. அவள் ஏன் ஒத்துக்கொண்டாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

காஸ்கட் கம்பெனியிலிருந்து மாணிக்கம் என்பவரும் கூட ஓர் ஆளும் வந்தார்கள். பழகிய கைகள். அப்பாவைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள். காலில் இருந்த முடிச்சைப் பார்த்த மாணிக்கம் ஒரு கணம் நின்று, பையிலிருந்து வெள்ளைத் துணி நாடாவை எடுத்து மாற்றிக் கட்டி, அங்கிப் பட்டையை மடித்து மேசைமேல் வைத்தார். போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டார். வைஷாலி அப்பாவின் நெற்றியில் திருநீறு பூசினாள். நெற்றி குளிர்ந்திருந்தது. ஆனால் முகம் அதே முகம், இப்போது கண்ணைத் திறந்து மூலையில் இன்னும் கொஞ்சம் குறை என்று சொல்லக்கூடிய முகம்.

தாழ்வாரத்தில் சக்கரம் ஓசையில்லாமல் உருண்டது. அமீன் சுவரை அழுத்திப் பிடித்துக்கொண்டார். முதலில் அப்பாவின் கால்கள் அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள் போயின, பிறகு மார்பு, பிறகு முகம்.

வைஷாலி நின்றுவிட்டாள்.

தோல் மெழுகு நிறத்தில் இருந்தது. உதடு நீலம் பாய்ந்து ஒரு பக்கம் இழுத்திருந்தது. தாடைக்குக் கீழே மழிக்காமல் விட்ட நரை மயிர்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வாயோரம் காய்ந்த கஞ்சியின் ஒரு கோடு. காலையிலிருந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவள் பார்த்திருக்கவில்லை. அப்பா செத்துப்போயிருந்தார். காலையிலேயே செத்துப்போயிருந்தார்.

வாயைப் பொத்திக்கொண்டு அவள் அழுதது அந்தப் பச்சைச் சுவர்களில் பட்டுப் பெரிதாகக் கேட்டது. அமீன் திறந்த சுவரைக் கையால் பிடித்துக்கொண்டே இருந்தார். மாணிக்கம் வண்டியை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். அவள் புடவைத் தலைப்பின் ஓரத்தை எச்சிலால் நனைத்து அந்தக் கஞ்சிக் கோட்டைத் துடைத்தாள். அது உடனே போகவில்லை. அழுத்தித் துடைத்தாள்.

கீழே சலவைக்கூடத்து வாசலில் இருந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒதுங்கியவர்கள் போய்விடவில்லை, நின்றார்கள். ஒரு பிலிப்பீன் சமையல்காரர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். வயதான மலாய்க்காரப் பெண் ஒருவர் எட்டி அப்பாவின் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, யார் என்று அமீனிடம் கேட்டார். ஹோட்டலின் விளக்குகளை அமைத்தவர் என்று அமீன் மலாயில் சொன்னார். அந்தப் பெண் நிமிர்ந்து தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த டியூப்லைட் அப்பா போட்டதல்ல என்று வைஷாலி திருத்தவில்லை.

சரக்கு வாசலின் இரும்புக் கதவு சுருண்டு மேலேறியது. வேன் கொஞ்சம் தள்ளி, லாரிகள் திரும்பும் வெட்டவெளியில் நின்றது. மாணிக்கம் அதன் பின்கதவைத் திறக்கப் போனார். பிற்பகல் வெயில் நேராக அப்பாவின் முகத்தில் விழுந்தது. வைஷாலி குனிந்து, அவர் கண்களுக்கு மேல் உள்ளங்கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டாள். வேன் கதவு திறக்கும்வரை அப்படியே பிடித்திருந்தாள்.